ஒன்பது மணி ஸ்கேன்

அக்டோபர் பதினான்காம் தேதி என் மகள் தோக்ஜானுக்கு மூன்று வயது நிறையவிருந்தது. அன்றோடு என் மனைவி அக்மராலின் விடுப்பும் முடிந்துவிடும். நகரக் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. பிள்ளைக்கு மூன்று வயது ஆகும்வரை நாற்காலியைக் காலியாக வைத்திருப்பார்கள், அதற்குமேல் ஒரு நாள்கூட இல்லை. எனவே அதற்குள் தோக்ஜானுக்கு ஒரு பாலர் பள்ளியில் இடம் பிடித்தாக வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் உயிரோடு இல்லை. தனியார் பள்ளிக்குப் போட்டால் அவள் சம்பளம் அப்படியே அதற்குத்தான் போகும். நான் ரயில் இஞ்சின் பணிமனையில் எலக்ட்ரீஷியன். இரவுப் பணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றார்கள்.

சிர்தாரியா ஆற்றோரத்து எங்கள் ஊரில் பாலர் பள்ளிக்கு வரிசை நீளம். ஆனால் யாராவது எடுக்காமல் விட்ட இடங்களைக் காலை சரியாக ஒன்பது மணிக்கு இணையத்தில் திறந்துவிடுவார்கள். பெயர் பதிந்தவர்களில் முதலில் அழுத்துகிறவருக்கு இடம். ஒரு நிமிடத்தில் எல்லாம் காலியாகிவிடும். மின்னணுக் கையொப்பம் வேண்டும் என்பதால் கைபேசியில் செய்ய வழியில்லை. வீட்டில் இருந்த பதினோரு வருடப் பழைய கணினிதான் எங்களுக்குக் கதி.

முதல் நாள் ஆகஸ்ட் மூன்று. எனக்கு ஓய்வு நாள். எட்டே முக்காலுக்கே கணினியைப் போட்டுவிட்டு அக்மரால் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். பெட்டி உறுமத் தொடங்கியது. திரையின் மூலையில் ஆன்டிவைரஸ் தன் பச்சைக் கோட்டை மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தது. பக்கம் திறந்தபோது ஒன்பது மணி ஆறு நிமிடம். ஐந்து பள்ளிகளில் இருந்த ஐந்து இடங்களும் போயிருந்தன.

"என்னய்யா இது?" என்றாள்.

"ஸ்கேன் ஓடுது. முடிஞ்சதும் சரியாயிடும்."

"எப்ப முடியும்?"

"ரெண்டு மணி நேரம் ஆகும்."

"நல்ல நாயா புடிச்சிட்டு வந்திருக்க. திருடன் வர்றானோ இல்லியோ, வீட்டுக்காரியை உள்ள விடமாட்டேங்குது."

அந்த நாயை நான் கொண்டுவந்ததற்குக் காரணம் இருந்தது. முந்தைய வருடம் பணிமனையிலிருந்து ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தேன். அதில் ஒட்டிக்கொண்டு வந்த வைரஸ் கணினியில் இருந்த படங்கள் அத்தனையையும் பூட்டிவிட்டது. எங்கள் கல்யாணத்தில் என் அப்பா இரட்டைத் தந்தி தொம்ரா வாசித்துப் பாடிய பதினைந்து நிமிடக் காணொளியும் அதோடு போயிற்று. அவர் இறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வேறு எங்கும் அவர் குரல் கிடையாது. அதன்பிறகு நான் ஆன்டிவைரஸை விலை கொடுத்து வாங்கிப் போட்டு, ஒவ்வொரு நாளும் முழுக் கணினியையும் துழாவும்படி வைத்தேன்.

ஸ்கேன் நேரத்தை விடியற்காலை மூன்று மணிக்கு மாற்றினேன். மறுநாளும் காலையில்தான் ஓடியது. மதியம் பன்னிரண்டுக்கு மாற்றினேன். மதியம் நாங்கள் கணினியைப் போடுவதே இல்லை. அதற்கடுத்த நாள் காலையிலும் அதே உறுமல். இரண்டாவது வாரம் அக்மரால் மூன்றாம் மாடி கெனாதி அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கொரியக் குடும்பத்துக்காரர், வீடு வீடாகப் போய்க் கணினி பழுது பார்ப்பவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, நீ ராத்திரி பெட்டியை அணைச்சிட்டுத் தூங்குற. அப்ப விட்டுப்போன ஸ்கேனை இது காலையில கண்ணு முழிச்சதும் செய்யுது. அப்படிச் செய்யச் சொல்லி நீயே டிக் அடிச்சு வெச்சிருக்க."

"அதை எடுத்துடலாமாண்ணே?" என்றாள் அக்மரால்.

"எடுத்துடலாம். ஆனா அது பாதிதாம்மா. உள்ள ரெண்டு காவல்காரன் இருக்கான். பெட்டியோட கூடவே வந்தவன் ஒருத்தன், உன் புருஷன் கூட்டிட்டு வந்தவன் ஒருத்தன். இவன் தொடுற ஃபைலை எல்லாம் அவன் புடிச்சு நீ யாருன்னு கேக்கிறான். இந்தப் பெட்டி ஒருத்தனுக்குச் சோறு போடவே திணறும்."

ஒன்றைக் கழற்ற வேண்டும், மற்றதை ஞாயிறு மதியம் மட்டும் ஓடவிட வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி என்று எனக்கும் புரிந்தது. ஆனால் வாய் வேறு சொல்லிற்று.

"டிக்கை மட்டும் எடுங்கண்ணே. ரெண்டும் இருக்கட்டும்."

"பூட்டுக்கு மேல பூட்டா? சாவி போடவே உனக்கு நேரம் சரியாயிருக்கும்டா," என்று சிரித்துவிட்டு, சொன்னபடி செய்துவிட்டுப் போனார்.

ஸ்கேன் காலையில் ஓடுவது நின்றது. பக்கம் இப்போது ஒன்பது இரண்டுக்குத் திறந்தது. அந்த இரண்டு நிமிடத் தாமதத்திலேயே இடங்கள் போயிருக்கும். மூன்று வாரம் அப்படியே ஓடியது. செப்டம்பர் தொடக்கத்தில், நான் வேலையில் இருந்தபோது, அக்மரால் தானே என் ஆன்டிவைரஸைக் கழற்றிவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சந்தோஷமாகச் சொன்னாள்.

"இன்னிக்கு சரியா ஒன்பதுக்குத் திறந்துச்சு தெரியுமா! ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல ஒரு இடம். என் கண்ணு முன்னாடியே இருந்துச்சு. அவசரத்துல தப்பா அழுத்திட்டேன். நாளைக்கு விடமாட்டேன் பாரு."

நான் தலையாட்டினேன். தேநீர் குடித்தேன். அவள் தோக்ஜானைக் குளிப்பாட்டக் குளியலறைக்குப் போனாள். உள்ளே இருவரும் சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது. கணினியில் தோக்ஜான் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் இருந்தன; வைரஸ் வந்தபோது கைபேசியில் இருந்ததால் தப்பி, பிறகு கணினிக்கு மாற்றியவை. அவள் முதல் அடி எடுத்து வைத்தது, ஒட்டகத்தைப் பார்த்து அழுதது, எல்லாம். ஒரு காவலும் இல்லாமல் கிடக்கிறதே என்று நினைத்தேன். காவல் இல்லாமல் இல்லை, கூடவே வந்த காவல்காரன் இருந்தான். தெரிந்தும் நான் என் ஆன்டிவைரஸை மறுபடி போட்டேன். அவள் கண்ணில் படாதபடி அதன் சின்னத்தை மறைத்தும் வைத்தேன்.

மறுநாள் காலை ஒன்பதேகாலுக்குப் பணிமனையில் என் கைபேசி அடித்தது.

"மர்கூலன், நம்ம வீட்டுக்குப் பின்னாடி இருக்கே, அந்தப் பள்ளிக்கூடம். அதுல ரெண்டு இடம். ரெண்டு! சுத்திக்கிட்டே இருந்துச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு, போயிடுச்சு." அவள் அழுதுகொண்டிருந்தாள். "நேத்து நல்லா இருந்துச்சே. என்ன ஆச்சு?"

"தெரியல. பழைய பெட்டி," என்றேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கெனாதி அண்ணன் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்மரால் அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"இந்தக் காவல்காரனை எப்பப் போட்டாங்கன்னு இதுல தேதி இருக்கும்மா," என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார். "நேத்து. சாயங்காலம் ஏழு இருபது."

சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார். காலணியைக் கையில் எடுத்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அக்மரால் கத்துவாள் என்று நினைத்தேன். "ஏழு இருபதுக்கு நான் பாப்பாவுக்குத் தலை தேச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றே நான் எல்லாவற்றையும் செய்தேன். என் ஆன்டிவைரஸை அடியோடு கழற்றினேன். மற்றதை ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மட்டும் ஓடும்படி வைத்தேன். படங்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றித் தனியே எடுத்துவைத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கணினி அதற்குமுன் ஒருபோதும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

ஆனால் செப்டம்பர் பாதிக்குமேல் பள்ளிகளில் எல்லா வகுப்புகளும் நிரம்பிவிட்டன. ஒன்பது அடித்ததும் பக்கம் சட்டென்று திறக்கும். இடம் இல்லை என்ற ஒரே வரி இருக்கும். அடுத்த நாளும் அதே வரி. என் ஓய்வு நாட்களில் நானே உட்கார்ந்து அழுத்தினேன். அவள் அடுக்களையில் முதுகைக் காட்டியபடி மாவு பிசைந்துகொண்டிருப்பாள். என்ன ஆயிற்று என்று கேட்கமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே, பின்பக்கப் பள்ளியின் ஊஞ்சலில் பக்கத்து வாசல் ஷினாரின் பையன் ஆடிக்கொண்டிருப்பான். அந்த இரண்டு இடங்களில் ஒன்று அவனுக்குக் கிடைத்திருந்தது. தோக்ஜான் ஜன்னலில் ஏறி நின்று அவனுக்குக் கையசைப்பாள்.

அக்டோபர் பதின்மூன்றாம் தேதி ஆய்வுக்கூடத்துக்கு மூவரும் போனோம். நான் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். காற்று மண்ணை வாரி அடித்தது. அக்மரால் அரை மணி கழித்து வெளியே வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் அவளுடைய வெள்ளைக் கோட்டும், செருப்பும், ஒரு குவளையும்.

"என்ன சொன்னாங்க?"

"கூட வேலை பாத்த குல்பரா அக்கா அழுதாங்க. என் இடத்துக்கு ஒரு பொண்ணு ஏற்கனவே வந்து நிக்குது. நல்ல பொண்ணு. குழாய்த் தண்ணியில குளோரின் எப்படிப் பாக்கறதுன்னு கேட்டா. சொல்லிக் குடுத்துட்டு வந்தேன்."

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் சம்சா விற்றுக்கொண்டிருந்தாள். மூன்று வாங்கினேன். அக்மரால் தன்னுடையதைப் பிட்டு, சூடு ஆறும்வரை ஊதி, மகளுக்கு ஊட்டினாள்.

"அக்மரால், அடுத்த வருஷம்..."

"வேண்டாம்."

"நான் வேணும்னு செய்யலடி."

"தெரியும்," என்றாள். "அதான் உன்னைத் திட்டக்கூட முடியல. வேணும்னு செஞ்சிருந்தா இந்நேரம் உன் சட்டையைப் புடிச்சு ரெண்டு அறை விட்டிருப்பேன். மனசு ஆறியிருக்கும்."

பேருந்து வந்தது. அவள் மகளை வாங்கிக்கொண்டு முதலில் ஏறினாள். ஜன்னலோரம் ஒற்றை இருக்கை ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து, தோக்ஜானை மடியில் வைத்து, பையைக் காலடியில் போட்டாள். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் நிறுத்தம் வரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.