தோழன் நிற்கும் இடம்

பதினாறு வயதில் நெடுமாறனும் இனியவனும் வெண்ணாற்று மதகிலிருந்து குதித்தார்கள். நெடுமாறன் மட்டும் கரையேறினான். அதன்பின் இனியவன் வீட்டுப் பக்கமே போகாதவன், இன்று கல்யாணப் பத்திரிகையோடு அந்த வாசலில் நின்றான்.

"உள்ள வாடா. வெயில்ல நின்னா மாப்பிள்ளை கறுத்துடுவ" என்றாள் இனியவனின் அம்மா மலர்க்கொடி. பத்திரிகையை வாங்கிக்கொண்டு, "மாப்பிள்ளைத் தோழன் யாரு?" என்று கேட்டாள்.

"யாரும் வேணாம்னுட்டேன் அத்தை."

"நல்லாருக்கே! என் சின்னவன் நிப்பான். இனியவன் உயரம் இல்ல, அவ்வளவுதான்."

அந்தப் பெயரை அவள் சாதாரணமாகச் சொன்னதை நெடுமாறனால் தாங்க முடியவில்லை. "நான் மட்டும் எப்படி அத்தை..."

"எனக்கும் அந்தக் கேள்வி இருக்கு. பதில்தான் இல்ல. அதுக்காக மணவறையில தனியா உக்காருவியா?"

நெடுமாறன் சின்னவனின் சட்டை அளவைக் கேட்டான்.