இன்னும் முடியாத ஜூன் முப்பது

...ஆகவே இது இன்னும் ஜூன் முப்பதுதான், கிழக்கு ஜன்னல் வெயில் சபையில் என் மேஜை வரைக்கும் வந்துவிட்டாலும், கீழே உணவகத்தில் முட்டை பொரிக்கும் வாசனை படியேறி வந்தாலும், ஏனென்றால் பட்ஜெட் நிறைவேறாமல் ஜூன் முப்பதோடு எங்கள் மாநிலத்தின் நிதியாண்டு முடியக் கூடாது என்பது சட்டம், பட்ஜெட்டோ நிறைவேறவில்லை, எனவே சட்டமன்றக் கடிகாரத்தை நள்ளிரவுக்குச் சற்று முன்னே நிறுத்தி அதன்மேல் யாரோ தன் கோட்டை மாட்டிவிட்டார்கள். வருஷா வருஷம் இதே கூத்து. வெட்கப்பட வேண்டியதுதான், எனக்கு என்னவோ சிரிப்புதான் வருகிறது... சற்று முன் ஹார்லனிடம் போனில், "நாளைக்கு உன் பிறந்தநாள், நான் மறக்கல" என்று சொல்லித் தொலைத்தேன். "இங்க நாளைக்கு வந்தாச்சு ஜோடீன், கேக்கும் தின்னாச்சு, உங்க சபையிலதான் இன்னும் விடியல போல" என்றான் என் புருஷன். கிண்டலா, வருத்தமா? அவன் குரலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அவன் மாநில நெடுஞ்சாலைத் துறையில் புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறான், அவனிடம் எப்படிச் சொல்வது, இந்த பட்ஜெட்டின் ஓட்டையை உன் சம்பளத்தை வைத்துத்தான் அடைத்திருக்கிறோம் என்று... பற்றாக்குறை கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது, ஆகவே எங்களுக்குப் பற்றாக்குறை கிடையாது, அடுத்த ஜூன் முப்பதில் போடவேண்டிய சம்பளத்தை ஜூலை ஒன்றுக்குத் தள்ளிவிட்டால் அது அதற்கடுத்த வருஷத்துச் செலவு, பள்ளம் மாயம். வரியைக் கூட்டியோ செலவைக் குறைத்தோ நேர்மையாகவே அடைக்கலாமே? அடைக்கலாம், ஆனால் எதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அந்த விதிக்காக வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவளே நான்தான், அதை வைத்துத்தான் தேர்தலில் ஜெயித்தேன், வீண்செலவுக்குக் குறுக்கே ஒரு சிலர் நின்றால் போதும் என்று தொண்டை கிழியப் பேசினேன். நின்றார்கள். வழிவிடுவதற்கு ஒருவருக்கு அவர் ஊரில் கண்காட்சித் திடல் கிடைத்தது, ஒருவருக்கு மீன் பண்ணை, கடைசியாக வழிக்கு வந்தவருக்குத்தான் எல்லாரையும்விட அதிகம். இப்போது ஒரே ஒரு வாக்கு குறைகிறது. அது என்னுடையது.

ஆளுங்கட்சித் தலைவர் ராஸ்கோ மறுபடியும் வந்து பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார், தூங்காத முகம். "தாயே, உனக்கு என்னதான் வேணும்?" "ஒண்ணும் வேணாம், சம்பளத் தேதியில கை வைக்காதீங்க." "அதை மட்டும் கேக்காதே, அதை உருவினா மொத்தமும் சரிஞ்சிடும். உங்க ஓடைக்குப் பாலம் போட்டுத் தர்றேன்னேனே?" "வேணாம்னு சொன்னேனே." "சரி, பாலமும் தர்றேன், உங்க ஆஸ்பத்திரியில மூடின பிரசவ வார்டையும் திறந்துடறேன். இப்பவாவது கொஞ்சம் சிரி." சிரிக்கவில்லை, ஆனால் வார்டு என்றதும் நினைவு வந்துவிட்டது, போன குளிர்காலத்தில் எங்கள் தெருப் பெண் கெண்ட்ரா தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பனியில் சிக்கிய வண்டியிலேயே பெற்றாள், பிள்ளை பிழைத்தது ஏதோ அதிர்ஷ்டம்... சரி என்றால் வார்டு திறக்கும், பள்ளம் இன்னும் பெரிதாகி அடுத்த வருஷத்தின் தலையில் விழும். மாட்டேன் என்றால் பட்ஜெட் இல்லாமல் அரசாங்கமே கதவைச் சாத்தும், ஹார்லனுக்குச் சம்பளமே கிடையாது. எது சிக்கனம்? நான் எதற்காக இங்கே வந்தேன்?

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை, சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்போல நிதானமாகத் தலையாட்டினார், "சரி, இன்னும் என்ன பண்ண முடியும்னு பாக்கறேன்" என்று எழுந்து போனார். எனக்குச் சுருக்கென்றது. நான் வேண்டாம் என்று சொன்னது அவர் காதில் ஒரு தடவைகூட வேண்டாம் என்று விழவில்லையா? பைத்தியக்காரர், ஜோடீனை விலைக்கு வாங்க முடியாது என்று இத்தனை வருஷத்தில் தெரியவில்லையா... வாக்கெடுப்புக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், அகர வரிசையில் என் பெயருக்கு இன்னும் நேரமிருக்கிறது, நான் என் முன்னால் இருந்த காப்பியைக் குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், கதவு ஆடும்போதெல்லாம் நிமிர்ந்தேன், கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, ராஸ்கோ அடுத்து என்ன கொண்டுவரப்போகிறார் என்று நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.