ஆண்களுக்கென்று எழுதியிருந்த சீசா

1

இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்டில் கிடைத்தது. கடைவாய்ப் பல் வலியோடு மருத்துவரைப் பார்க்க மேலே போய்க்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பெண் ஏறி, அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார். வெள்ளைக் கோட்டு, முழங்கைவரை பிளாஸ்டர் மாவு. அவர் போன பிறகும் லிஃப்டில் என்னோடு ஓர் ஆண் நின்றுகொண்டிருந்தான். அதாவது, ஓர் ஆணின் வாசனை. எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் சுரீரென்று வருமே, அது. அதற்கு அடியில் அப்போதுதான் இழைத்த மரம்.

நான் கண்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. பல்வலியோடு கட்டிய கதை, அங்கங்கே சுள்ளென்று இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரிக்காக முட்டி மோதியவை:

"அந்த வாசனை அவளை ஒரு பெருங்காட்டின் நடுவே—" (அவள் காட்டுப் பக்கமே போனதில்லை. அடித்தாயிற்று.)

"தேவதாரு மரங்களின் ஊடே வீசும் புத்துணர்ச்சியான—" (இதைச் சென்ட் டப்பாவின் பின்பக்கத்தில் ஏற்கெனவே எவனோ எழுதிவிட்டான்.)

"அவள் பல் கட்டுகிறவள்." (இது நிற்கும்.)

2

அவள் பல் கட்டுகிறவள். மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, யாரோ ஒருவருடைய சிரிப்பை முடித்து அனுப்புவாள். ஈறுக்கான மாவைக் குழைக்கும் திரவத்துக்கு ஒரு நெடி உண்டு. மூக்கைத் துளைக்கும், துணியோடு வீடுவரை வரும். அதை விரட்டத்தான் சென்ட் போடுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

பக்கத்து மேஜையில் பல்லுக்கு மெருகேற்றும் பெண்ணுக்குப் 'பளபளா' என்று பெயர். அவளிடம் மட்டும் இந்தக் கதை எடுபடவில்லை.

"அக்கா, இது ஆம்பளைங்க சென்ட்டுக்கா."

"ஏன், அதுக்கு மீசை முளைச்சிருக்கா?"

"சீசாவுலயே போட்டிருக்கு. ஆண்களுக்குன்னு."

"நான் சீசாவைப் படிக்கிறதில்ல. மோந்து பாக்கறதோட சரி."

பளபளா சிரித்தாள். இவளும் சிரித்தாள். பிறகு குனிந்து ஒரு முன்பல்லை நிமிர்த்தினாள், தேவைக்கு மேலாக நேரம் எடுத்துக்கொண்டு.

3

அந்த வாசனைக்கு முதல் சொந்தக்காரன் அவளுடைய கணவனாக இருந்தவன். நில அளவையாளன். காலையில் கிளம்பும்போது கழுத்தில் இரண்டு முறை அடித்துக்கொள்வான். வாசலில் அவனை வழியனுப்பும்போது எலுமிச்சை வரும். சாயங்காலம் வெயிலும் புழுதியுமாகத் திரும்பி வரும்போது எலுமிச்சை எங்கேயோ காணாமல் போயிருக்கும், மரம் மட்டும் அவனோடு வீட்டுக்குள் வரும். அந்த மரத்தில்தான் அவள் சாய்ந்துகொண்டிருந்தாள்.

அவனை எப்படிப் பிரிப்பது என்பதில் நான் ரொம்பவே திண்டாடினேன். எழுதிப் பார்த்த ஒரு படியில் அவன் குடிகாரன். இன்னொரு படியில் கை நீட்டுகிறவன். இரண்டும் எனக்குச் சௌகரியம், ஆனால் இந்த வாசனை அவன்மேல் ஒட்டவில்லை. கடைசியில் எழுதியது இது: வீட்டில் வாய் திறக்காதவனுக்கு வேறோர் இடத்தில், வேறொருத்தியிடம், பேச்சு வந்தது. அவன் பேச்சு வந்த இடத்துக்குப் போய்விட்டான். மகளுக்கு அப்போது பால்பற்கள்கூட விழ ஆரம்பிக்கவில்லை.

அவன் விட்டுப்போன சட்டையில் முகம் புதைத்து அவள் அழுவதாகவும் ஒரு பத்தி எழுதினேன். வேண்டாம், எத்தனை சட்டைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள்! அவள் எல்லாச் சட்டைகளையும் துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் கொடுத்தனுப்பினாள். ரோஷக்காரி. ரோஷம் தணிந்த அன்று வீட்டில் மோந்து பார்க்க ஒன்றுமே மிச்சமில்லை.

அப்படித்தான் அவள் கடைக்குப் போனாள்.

"சாருக்கா மேடம்?" என்றாள் கடைப்பெண்.

"ஆமா. சாருக்குத்தான்."

(இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் கோபம் வந்தது. விட்டுப் போனவனுக்காக இப்படி ஏங்க வேண்டுமா என்று கேட்டேன். 'ஏங்கறது என்ன, லைசென்ஸ் வாங்கிட்டா வருது?' என்று திருப்பிக் கேட்டாள். மேலே எழுதுகிறேன்.)

4

பள்ளியில் பந்து விளையாடும்போது மகள் கீழே விழுந்தாள். இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. கை விரலைக்கூட அசைக்க முடியவில்லை என்று பள்ளியிலிருந்து இரண்டு பேருக்கும் போன் போனது.

இவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். மருத்துவமனையில் மகளை எக்ஸ்ரே எடுக்க உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். வெளியே நீளமான பெஞ்சு. சற்று நேரத்தில் அவன் வந்தான், பூட்ஸ் முழுக்கச் சேறு, மூச்சு வாங்க.

"என்னாச்சு?"

"கைதான். உள்ள இருக்கா."

"தலையில ஒண்ணும் படலயே?"

"இல்ல. உக்காருங்க."

ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தான். பேசிக்கொள்ள எதுவுமில்லாத இரண்டு பேர் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் படித்தார்கள். மேலே மின்விசிறி சுற்றியது. அவன் மூக்கு லேசாக விரிந்ததை அவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"இது..." என்று ஆரம்பித்தான்.

"லேப்ல நெடி. அதுக்காக."

"ம்."

இங்கே நான் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். அவன் கேலி செய்வானோ, பரிதாபப்படுவானோ என்று பயம். எதைச் செய்தாலும் அவளால் தாங்க முடியாது, என்னாலும்தான். திரும்பி வந்தபோது அவன் தன் பூட்ஸைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தான்.

"நான் விட்டுட்டேன். வீட்ல அவளுக்கு இந்த வாசனைன்னா தலைவலி வந்துடும். இப்ப வெறும் சோப்புதான்."

அவள் கோட்டுக் கையில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டினாள்.

"அப்பல்லாம் இதைப் போட்டுக்கிட்டாதான் வேலைக்குக் கிளம்பின மாதிரியே இருக்கும். மறந்தே போச்சு, எப்படி இருக்கும்னு." கொஞ்சம் தயங்கினான். "தப்பா எடுத்துக்காதே. பையில வச்சிருக்கியா?"

அவள் இத்தனை காலமும் அவனுக்காக ஏங்கினாள். அவனோ, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, வாசலில் நின்று கழுத்தில் சென்ட் அடித்துக்கொண்ட தன்னையே நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தான். அது அவளுக்குப் புரிந்தது. வலித்தது. ஆனாலும் பையைத் திறந்தாள்.

"கையை நீட்டுங்க."

நீட்டினான். மணிக்கட்டில் ஒரே ஒரு முறை அடித்தாள். அவன் கையை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டான். நெற்றிச் சுருக்கங்கள் மெதுவாக விட்டுக்கொடுத்தன. அவள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்காமல் பார்க்கக் கிடைத்த கொஞ்ச நேரம்.

5

கதவு திறந்தது. முழங்கைவரை மாவுக்கட்டோடு மகள் வந்தாள்.

"என்னம்மா, உன் வேலையை இவங்க என் கையில செஞ்சுட்டாங்க!"

இவள் கட்டைத் தடவிப் பார்த்து, "பரவால்ல, பிசிறில்லாம போட்டிருக்காங்க" என்றாள். அவன் எழுந்து மகளைப் பட்டும் படாமலும் அணைத்துக்கொண்டான். மகள் அவன் தோளில் முகம் வைத்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்பா, என்ன உங்க மேல அம்மா வாசனை?"

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பரீட்சைக் காலையிலும் காய்ச்சல் மதியத்திலும் பக்கத்தில் வந்து நின்ற வாசனை அது. வேறு யாருடையதாகவும் அது இருந்ததில்லை.

"கொஞ்சம் வாங்கிக்கிட்டேன்" என்றான் அவன். பிறகு இவளைப் பார்த்து, மெல்ல, "உன்னோடதா ஆயிடுச்சு இல்ல?" என்றான்.

"ஆமா" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.

6

முடிவுகள் கைவசம் மூன்று இருந்தன. அவன் திரும்பி வந்துவிடுவது. (நடக்காது. அவளே கதவைத் திறக்க மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.) அவள் சீசாவைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்து நடப்பது. (கைதட்டல் கிடைக்கும். அந்த வாசனை இல்லாமல் மகள் வீட்டில் அவளைத் தேடுவாளே!) மூன்றாவதை அரை வாக்கியத்தில் விட்டுவிட்டேன்: "அதன் பிறகு அவர்கள் மூவரும்—"

எனக்குத் தெரிந்தவரை நடந்தது இதுதான். மருந்து வாங்கினார்கள். வாசலுக்குப் போகும் வழியில் ஒரு கைகழுவும் தொட்டி. அவனுக்கு வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டில் ஒருத்திக்குத் தலைவலி வரும். அதில் அந்த ஒருத்தியின் குற்றமும் எதுவுமில்லை. "ஒரு நிமிஷம்" என்று சொல்லி அவன் தொட்டிப் பக்கம் ஒதுங்கினான். சட்டைக் கையை மேலே ஏற்றினான். குழாயைத் திறந்தான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளி வெயிலைப் பார்த்து நின்றாள். அவன் கழுவிவிடக் கூடாது என்று அவளுக்கு இருந்தது. கழுவிவிட்டால் நல்லது என்றும் இருந்தது. இரண்டும் ஒரே அளவுக்கு.

பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். கை தண்ணீருக்குள் போன மாதிரி அந்தச் சத்தம் இன்னும் மாறவில்லை. நானும் அங்கேதான் நிற்கிறேன், ஆனால் அவள் நிற்கும் பக்கத்தில். இங்கிருந்து தொட்டி தெரியாது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தெரிகிறதா?