எதிர்மலையில் புகை

"புகை வந்தா அங்க யாரோ நல்லா இருக்காங்கன்னுதானேம்மா அர்த்தம்?"

ஆறு வயது மாரித் சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு கேட்டாள். ஈஸ்டருக்கு முந்தைய வாரம், நகரத்துக்காரர்கள் மலைக்குடிலில் ஆரஞ்சு தின்று வெயில் காயும் விடுமுறை. எதிர்மலையில் ஹால்வரின் குடிலிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. தொற்று பரவிய அந்த வசந்தத்தில், வெளியூர்க்காரர்கள் தங்கள் மலைக்குடில்களில் தங்கக்கூடாதென்று அரசு தடை போட்டிருந்தது. ஹால்வர் தலைநகர் ஓஸ்லோக்காரர், தனி ஆள், எழுபத்தாறு வயது.

பக்கத்துப் பண்ணை போர்கில்ட் வேலிக்கு அப்பாலிருந்தே கத்தினாள்.

"பாத்தியா குன்வோர்? நமக்கு மட்டும் சட்டம், அவருக்கு ஆரஞ்சும் வெயிலுமா? ஊருக்கே ஒரு டாக்டர். அந்த மனுஷனும் முதுகுவலின்னு படுத்திருக்காரு. இவரு இருமினா நாம மாட்டுக்கொட்டில்லதான் படுக்கணும்."

"வயசானவரு, போர்கில்ட்."

"அதனாலதான் சொல்றேன்."

மாரித்தின் அம்மா குன்வோர் ஊராட்சிக்கு ஃபோன் செய்து புகையைப் பற்றிச் சொன்னாள். "நல்லது செஞ்சீங்க. எல்லாரும் உங்கள மாதிரி இருந்துட்டா இது சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றது மறுமுனைக் குரல்.

மறுநாள் நண்பகலில் புகை நின்றது. யார் சொன்னதென்று ஹால்வருக்குத் தெரியாது. ஓஸ்லோவுக்குத் திரும்பும் வழியில், குன்வோர் வாசலுக்கு எட்ட நின்று, மாரித்துக்காக மூன்று ஆரஞ்சுகளைப் பனிமேல் வைத்துவிட்டுக் கையசைத்துப் போனார்.

மே மாதம் ஊரே பெருமைப்பட்டது: ஒரு நோயாளிகூட இல்லை. தேவாலயம் திறந்த முதல் ஞாயிறு, போதகர் நன்றி சொல்லி ஜெபித்தபோது குன்வோருக்கு 'ஆமென்' வாயில் வரவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் ஹால்வர் தொற்றில் இறந்திருந்தார். ஓஸ்லோவில் அவர் இருந்த கட்டடத்தில் ஒன்பது மாடிக்கும் ஒரே லிஃப்ட். அவருக்கு ஒற்றை அறை. நான்கு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்களாம். அந்தச் சாவு ஓஸ்லோவின் கணக்கில் விழுந்தது.

அதற்குப் பிறகு பாத்திரம் கழுவும்போதெல்லாம் அவள் கண் எதிர்மலைக்குப் போகும். சில காலைகளில் பனிமூட்டம் அந்தப் புகைபோக்கியைச் சுற்றி எழும். கையில் தட்டோடு நின்றுவிடுவாள். பிறகு அது கலைந்துவிடும்.

"நீ செஞ்சது சரிதானே" என்றான் கணவன் ஷெல்.

சரிதான். தடையும் சரிதான். ஆனால் வீட்டிலேயே இருங்கள் என்ற சொல், தோட்டமுள்ள வீட்டுக்கும் அந்த ஒற்றை அறைக்கும் ஒன்றுபோலவே போனது. "அங்க உங்களுக்கு யாரு இருக்கா?" என்று அவளாவது கேட்டிருக்கலாம்.

இலையுதிர்காலத்தில் ஹால்வரின் அண்ணன் மகள் ஃபோன் செய்தாள். "குடில் சாவி விறகுக் கொட்டகை ஆணியில இருக்கு. மாவையெல்லாம் எலி தின்னுடும், கொஞ்சம் எடுத்துடுறீங்களா?"

அங்கே அலமாரியில், எல்லாக் குடில்களிலும் இருப்பதுபோல ஒரு குறிப்பேடு. வானிலை, வந்துபோனவர்கள், கண்ணில் பட்ட பறவைகள். மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கம் ஒன்றில்:

'பிப்ரவரி 11. ஒரு மீட்டர் பனி. கீழே குன்வோர் குடும்பம் மருத்துவமனையில், குழந்தைக்கு நிமோனியா. அவர்கள் கொட்டில் கூரை தாங்காது போலிருந்தது. ஏறிப் பனியைத் தள்ளினேன். முதுகு போயிற்று. காட்டுக்கோழி இரண்டு.'

போர்கில்டின் மகன்கள் செய்த வேலை அது என்று நினைத்து, குன்வோர் அப்போது அவர்களுக்குக் கேக் சுட்டுக் கொடுத்திருந்தாள். அவர்களும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டிருந்தார்கள்.

ஜனவரியில் பனி கொட்டியது. ஒரு செவ்வாய்க்கிழமை, மாரித் பள்ளியிலும் ஷெல் காட்டு வேலையிலும் இருந்த நேரம், குன்வோர் மண்வாரியோடு மலையேறினாள். ஹால்வர் குடில் கூரையின் இரு பக்கமும் பலகை தெரியும்வரை பனியைத் தள்ளினாள். உள்ளே போய் அடுப்பில் பிர்ச் விறகு வைத்து, சுவர்களின் ஈரம் போகும்வரை எரியவிட்டாள். மீண்டும் பனி பொழியத் தொடங்கியிருந்தது. கீழிருந்து பார்த்தாலும் புகை தெரிந்திருக்காது.

குறிப்பேட்டை எடுத்துத் துடைத்தாள். எதுவும் எழுதாமல் அதே இடத்தில் வைத்துவிட்டு, சாவியை ஆணியில் மாட்டினாள். அவள் இறங்கி முடிப்பதற்குள் காலடித் தடங்கள் மூடிவிட்டன.