மங்காத புள்ளி

ஜெஸிமாவின் ஐந்து வருட முனைவர் பட்ட ஆராய்ச்சி கடைசியில் ஒரே ஒரு வெடிப்பை நம்பியிருந்தது. எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் செத்தபோது சில நொடிகள் காமா கதிர்கள் வீசி அடங்கின. அப்படி அடங்கிய இடத்தில் எக்ஸ்ரே ஒளி கொஞ்சம் மிஞ்சும். நாளாக நாளாக அதுவும் மங்கிப்போகும். திருச்சியில் ஒரு கல்லூரியில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் பதிவுகளில் அந்த மங்கலை அளப்பதுதான் அவள் வேலை.

இந்த வெடிப்பின் ஒளி நான்காம் நாளோடு மங்குவதை நிறுத்திவிட்டது. பன்னிரண்டாம் நாள் வரை அப்படியே நின்றது. வெடிப்பில் பிறந்த ஏதோ ஒன்று அதற்கு உள்ளேயிருந்து சக்தி கொடுக்கிறது என்று கட்டுரை எழுதினாள். வெளிநாட்டு இதழ் ஒன்றில் வந்தது. கடைசிப் பக்கத்தில், 'என் தாயார் சாரா பீவியின் நினைவாக' என்று அச்சுக்குப் போகும் முன் அவள் சேர்த்த ஒரு வரி.

பெரிய கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த அவள் அத்தா பரக்கத் அலி, அந்தப் பக்கத்தை நகலெடுத்து, மனைவியின் நினைவு நாளில் ஓதிய வருஷ ஃபாத்திஹாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

அடுத்த மாதம், அதே செயற்கைக்கோள் வேறு எதற்காகவோ அந்தத் திசையில் எடுத்த படம் வெளியானது. ஜெஸிமா சும்மாதான் திறந்து பார்த்தாள். ஒளி அங்கேயே இருந்தது. ஒன்றரை வருடம் கழித்தும் அதே அளவு. எந்த வெடிப்பின் மிச்சமும் அவ்வளவு காலம் தாங்காது. பழைய படங்களைத் தேடினாள். வெடிப்புக்கு ஆறு வருடம் முந்தைய படத்திலும் அந்தப் புள்ளி இருந்தது. அதே திசையில் கிடந்த ஏதோ ஒரு கேலக்ஸியைத்தான் நான்காம் நாளிலிருந்து அளந்திருக்கிறாள்.

பழைய படங்களைப் பார்க்காமல் விட்டது எந்த நாள் என்று அவளுக்குத் தெரியும். அம்மா தில்லை நகர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். திருத்திய கட்டுரையை அனுப்ப அன்றுதான் கடைசி நாள். இந்த ஒரு சோதனையை விட்டால் மதியத்துக்குள் அம்மாவிடம் போய்விடலாம் என்று அனுப்பிவிட்டாள். பதினொன்றே முக்காலுக்கு அத்தா போன் செய்தார். அம்மா போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்தில் தன் வழிகாட்டி பேராசிரியர் பிரேமலதாவின் வீட்டுக்குப் போனாள். அவர் படங்களை வெகுநேரம் பார்த்தார்.

"வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப விட்டுடு. முதல்ல பட்டத்தை வாங்கு."

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி மேடம்?"

"உங்கம்மா பேரு அதுல இருக்கு. அதையாவது யோசி."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

பிரேமலதா லேப்டாப்பை மூடினார். "நீயே எழுதி அனுப்பு, தடுக்கல. ஆனா இனிமே வேற கைடு பாத்துக்கோ."

கட்டுரை தப்பு என்று ஜெஸிமா இதழுக்கு எழுதினாள். பிறகு கடைக்குப் போய் அத்தாவிடம் சொன்னாள்.

"அப்ப அதை எடுத்துடுவாங்களாம்மா?"

"எடுக்க மாட்டாங்கத்தா. 'திரும்பப் பெறப்பட்டது'ன்னு ஒவ்வொரு பக்கத்துலயும் குறுக்கால போட்டுடுவாங்க."

"உங்கம்மா பேரு மேலயுமா?"

"ஆமாத்தா." அன்று காலை ஏன் அவசரப்பட்டாள் என்பதையும் சொன்னாள்.

அவர் ஒரு குடத்தைத் துடைத்து அடுக்கில் வைத்தார். "கடைசி வரைக்கும் உன்னைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தா," என்றார். "இந்தா வந்துடுவான்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

இத்தனை நாளும் அவர் அதைச் சொன்னதில்லை.

வேறு வழிகாட்டி கிடைக்கவில்லை. ஜூன் மாதம் திருவானைக்காவலில் ஒரு டியூஷன் சென்டரில் இயற்பியல் சொல்லித்தரச் சேர்ந்தாள்.