முதலில் வைக்கக் கூடாது

சாரி சொல்வதுதான் அவன் உத்தியோகம். கால் சென்டரில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் புகார்களுக்கான இங்கிலீஷ் லைன். ஒரு ஷிப்டில் எழுபது சாரி, நூறு ப்ளீஸ். வீட்டில் ஒன்றுகூடச் சொன்னதில்லை. கட்டிய மனைவியிடம் என்ன சாரி வேண்டிக் கிடக்கிறது?

அவள் அக்கா முன்னாலேயே, "உனக்கென்ன தெரியும், வாயை மூடு" என்றான். அவள் மூடினாள். அக்காவோடு கிளம்பியும் போனாள். இன்றோடு பதினேழு நாள். கொடியில் அவளுடைய துப்பட்டா இன்னும் தொங்குகிறது. எடுத்து மடிக்க அவனுக்கு மனசு வரவில்லை.

பகல் மூன்று மணி. ஹெட்போனில் பீப்.

"குட் ஆஃப்டர்நூன். ஹவ் மே ஐ ஹெல்ப் யூ, ப்ளீஸ்?"

"அப்பாடா, கிடைச்சீங்களா! நாலு தடவை வேற யாரோ எடுத்தாங்க. நாலு பேரும் சாரி சொல்லிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

அவள்!

பின்வரிசையைப் பார்த்தான். எல்லார் பேச்சையும் ஒட்டுக்கேட்கும் 'பாம்புக்காது' சூப்பர்வைசர் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தார். இந்த லைனில் இங்கிலீஷைத் தவிர ஒரு வார்த்தை வந்தாலும் மார்க் காலி.

"வெரி சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ், மேடம்."

"மேடமா?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "இது கம்பெனி சாரிங்க. ஊருக்கெல்லாம் குடுக்கறது. என்னோடது எங்கே?"

அவன் மறுபடியும் பின்வரிசைப் பக்கம் திரும்பினான்.

"வீட்ல நான் பேசிட்டிருக்கும்போதே பட்டுனு போனை வெப்பீங்க. இங்க கஸ்டமர் வெக்காம நீங்க வெக்க முடியாதுல்ல? நான் வெக்க மாட்டேன்."

சூப்பர்வைசர் எழுந்து வந்துகொண்டிருந்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தப்பு என் மேலதான். அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுடு."

மறுமுனையில் மூக்குறிஞ்சும் சத்தம்.

"அக்கா பக்கத்துலதான் இருக்கா. ஸ்பீக்கர்ல போடறேன். இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னான். இந்த முறை சத்தமாகவே. பக்கத்து மேஜைகள் திரும்பின.

"தமிழ்ல பேசிட்டீங்க. மார்க் போச்சு தம்பி" என்றார் சூப்பர்வைசர், தோளில் கை வைத்து. கையை எடுக்கவில்லை.

"ஆறு மணிக்கு அங்க வரட்டுமா?" என்றான் போனில். "ப்ளீஸ்."

மூச்சு மட்டும் கேட்டது. பதினேழு நாளாகத் தலையணையின் அந்தப் பக்கத்தில் அவன் தேடிய மூச்சு.

திரையில் நொடிகள் ஓடின. நாலு நிமிஷம் பன்னிரண்டு. பதிமூன்று. பதினாலு.

அவள் இன்னும் வைக்கவில்லை.