மூக்கில் ஏறிய கண்ணாடி

முகக்கவசத்துக்குப் பின்னாலிருந்து டாக்டர் பெண் கேட்டாள்: "நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கா?"

டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருந்தவர் வழக்கம்போல அவளைத் தாண்டித் தன் மனைவியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தானா போன் அடிக்க வேண்டும்? யாரென்று பார்க்க, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டினாள் மனைவி. அவர் இல்லை என்று தலையாட்டினார்.

கண்ணாடி கழுத்தில் கிடந்தால் 'ஆமாம்', மூக்கில் ஏறினால் 'இல்லை'. இரண்டு வருஷமாக அவர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு அது. கிருமி தொற்றிக் கடுமையான ஊசிகள் போட்ட மாதம்தான் முதலில் குழாய் திறந்துவிட்டாற்போல அவர் காதில் இரைச்சல் வந்தது. இரைச்சல் அடங்கியபோது மற்ற சத்தமெல்லாம் சேர்ந்து அடங்கியிருந்தது. இடது காதில் மட்டும் வார்த்தை பிடிபடாத முணுமுணுப்பு மிஞ்சியது. டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று அவள் மன்றாடிப் பார்த்தாள். மனிதர் மசியவில்லை.

"கிட்னி போனது போகட்டும். காதும் போச்சுன்னு தெரிஞ்சா எல்லாரும் உன்கிட்டதான் பேசுவாங்க. நான் நாற்காலி மாதிரி மூலையில கிடக்கணும்."

சலூன்காரருக்கு வாய்தானே பாதித் தொழில். கடைக்கு வந்தவர்களை வாய் திறக்கவிடாமல் தானே பேசித் தள்ளினார். கழுத்தோரம் கத்தி ஓடும்போது எவன் குறுக்கே பேசுவான்? ஆஸ்பத்திரிக்கு இந்தக் கண்ணாடி. அவளுக்கும் அதில் ஒரு திருட்டுச் சந்தோஷம் இருந்தது.

ஆனால் இன்று காலை பஸ்ஸில் ஏறும்போது அவர் மார்பைத் தேய்த்துக்கொண்டதை அவள் பார்த்திருந்தாள். கண்ணாடி கழுத்தில் கிடந்திருக்க வேண்டும். சட்டென்று கழற்றினாள். அதற்குள் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தாள். கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டால் இரண்டு வருஷப் பொய்யும் வெளியே வந்துவிடும். மறுபடி வருவாள்தானே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

கட்டிலில் இருந்தவர் நன்றாகச் சமாளித்துவிட்ட திருப்தியில் சிரித்தார். மெஷினில் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் உதடு வெளுத்துக்கொண்டு வருவதாக அவளுக்குத் தோன்றியது. வெளிச்சம் அப்படி என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அவர் கை மெல்ல மார்பின் மேல் ஏறி அங்கேயே நின்றது. அவள் எழுந்தபோது மெஷின் அலறியது. ஆட்கள் ஓடிவந்து திரையை இழுத்தார்கள். திரை விலகியபோது எல்லாம் முடிந்திருந்தது.

பகல் இரண்டு மணிக்கு மகன் வந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றவன், பக்கத்துக் கட்டில்காரர் வாயைத் திறந்ததும் டாக்டர் மேல் பாய்ந்தான்.

"நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு இருந்தாராம்! நீங்க என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கலையா? புகார் எழுதிக் குடுக்காம விடமாட்டேன்."

"கேட்டேன் சார்... இல்லைன்னு தலையாட்டினாரு." கவசத்தைக் கழற்றியபின் டாக்டர் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

மனைவி கழுத்துக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். சும்மா இருந்தால் இந்தப் பெண்ணின் வாழ்க்கை போய்விடும். சொன்னால் மகன் முகத்தில் இனி விழிக்க முடியுமோ என்னவோ.

"அவங்க கேட்டாங்கப்பா," என்றாள். "அப்பாவுக்குத்தான் காது கேக்காது."

எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடியைச் சொன்னாள், கூப்பிட வாயெடுத்துக் கூப்பிடாமல் விட்டதைச் சொன்னாள். யார் போன் என்பதை மட்டும் சொல்லவில்லை. மகன் தன் சட்டைப்பையில் இருந்த போனை வெளியே எடுத்து, காலையில் தான் அம்மாவுக்கு அடித்த நேரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தான். டாக்டர் பெண் சத்தமில்லாமல் விலகிப் போனாள்.

"எத்தனை நாளாம்மா?"

"ரெண்டு வருஷம்."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் போன்ல பேசினதெல்லாம்?"

"உன் பேரைப் பாத்ததும் வாங்கிக் காதுல வச்சுக்குவாரு. 'ம்' கொட்டுவாரு. அந்தப் போனை மட்டும் என்கிட்ட குடுக்கவே மாட்டாரு."

அவன் சுவரில் சாய்ந்தான்.

"போன வாரம் மன்னிப்பு கேட்டேம்மா. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் அப்பா என்ன வேலைன்னு மறைச்சதுக்கு. ரொம்ப நேரம் பேசினேன். 'சரிடா, சரிடா'ன்னாரு. பெரிய பாரம் இறங்கிடுச்சுன்னு நினைச்சேன்."

அவன் அழக்கூட இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு ஸ்டூலை இழுத்து அப்பாவின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தான். குனிந்தான்.

"இந்தப் பக்கம் வாப்பா," என்றாள் அவள். "இடது காதுலதான் கொஞ்சம் கேக்கும்."

அவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்தான்.